மாட்டு டொக்டரிட்ட கேளுங்க: குருத்துல கத்தி படலாமா?

போன மாசம் ஆட்டுக்குட்டி ஒண்டுட கால் முறிவப் பத்தி ரெண்டு வரி எழுதினதுதான், இந்த மாசம் நாய், பூனை, கன்டு எண்டு எல்லாருட குட்டிகள்ட காலும் வந்து குவிஞ்சித்து. அதால மடிவீக்கம், புழு மருந்து கேட்டவங்க ஒரு மாசம் பொறுங்க, இந்த முறை முழுக்க எலும்புதான்.

டொக்டர், எங்கட நாய்க்குட்டி ஷெப்பர்ட் கலப்பு, நாலு மாசத்துல கல்லடிப் பாலத்தடியில ஓட்டோ ஒண்டுட சில்லு முன்னங்கால்ல ஏறித்து. எக்ஸ்ரே எடுத்த இடத்துல முறிவு ஒண்டும் இல்ல, நோவுதான் எண்டு பண்டேஜ் சுத்தி விட்டாங்க. ரெண்டு கிழமையில ஓடத் தொடங்கித்து. இப்ப ஏழு கிழமை, பாதம் வெளிப்பக்கமாத் திரும்பி கால் வில்லு மாதிரி வளைஞ்சி வருது. வேற டொக்டரிட்டக் காட்டினா மெல்லிய எலும்பில ஒரு துண்ட வெட்டி எடுக்கணுமாம். முறியாத எலும்ப ஏன் வெட்டுறது? முதல் பாத்தவங்க பிழை விட்டுட்டாங்களா?
— வாசகி, கல்லடி

கடைசிக் கேள்விய முதல்ல எடுக்கிறன், ஏனெண்டா அந்தக் கோவத்துலதான் நீங்க கடிதமே எழுதியிருக்கிறீங்க. முதல் பாத்தவங்களுக்கு முறிவு தெரியல்ல எண்டது பிழை இல்ல கா. இந்த வகை அடி அண்டைக்கே எடுக்கிற எக்ஸ்ரேயில தெரியாது, ரெண்டு மூணு கிழமை போய்த்தான் காட்டும். ஆனா "ரெண்டு கிழமையால திருப்பிக் கொண்டு வாங்க, ரெண்டு காலையும் எடுத்து ஒப்பிட்டுப் பாப்பம்" எண்டு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கணும். அதச் சொல்லாம விட்டது குறைதான், அத நான் மூடி மறைக்கப் போறதில்ல.

இப்ப விஷயத்துக்கு வாறன். தென்னை எங்கால வளருது? அடியால இல்ல, நடுவால இல்ல, உச்சிக் குருத்தாலதான். மரத்துல கொடி கட்ட நீங்க அடிச்ச ஆணி பத்து வருஷம் போனாலும் அடிச்ச உயரத்துலதான் நிக்கும், மரம் மட்டும் மேல போயிருக்கும். குட்டிகள்ட நீட்டு எலும்பும் அப்பிடித்தான், ஆனா தென்னைக்கு ஒரு குருத்து, எலும்புக்கு அனேகமா ரெண்டு நுனியிலயும் ஒவ்வொண்டு. மூட்டுக்குக் கிட்ட மெல்லிசா ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கு, அதுக்குள்ள கலங்கள் காசு அடுக்கின மாதிரி வரிசையா பிரிஞ்சி பிரிஞ்சி, ஊதி, கடைசியில எலும்பா இறுகும். இதத்தான் வளர்ச்சித் தட்டு எண்டுறது, டொக்டர்மார் குரோத் பிளேட் எண்டுவாங்க. எக்ஸ்ரேயில எலும்பு வெள்ளையாவும் இது கறுப்புக் கோடாவும் தெரியும், அதப் பாத்துட்டு "ஐயோ டொக்டர் இஞ்ச முறிஞ்சிருக்கு" எண்டு அழுதவங்களும் இருக்காங்க, முறிவக் காட்டினா "இது அந்தக் கோடுதானே" எண்டு சமாளிச்சவங்களும் இருக்காங்க. வளந்து முடிஞ்சா தட்டு முழுக்க எலும்பாகி அந்தக் கோடு மறைஞ்சிரும். குட்டிட காலுல மூட்டுப் பக்கத்துல ஆகப் பலவீனமான இடம் இந்தத் தட்டுதான், மூட்டக் கட்டிப் பிடிக்கிற நாரெல்லாம் இத விடப் பலம். வளந்த நாய்க்கு நார் அறுற அடியில குட்டிக்கு தட்டு பிளக்கும், அதால குட்டிக்கு "வெறும் சுளுக்கு" எண்டு ஆரும் சொன்னா நான் கொஞ்சம் சந்தேகமாத்தான் பாப்பன்.

நாயிட முன்னங்கையில முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பு பக்கத்துல பக்கத்துல ஓடுது. ஒரு நுகத்துல ரெண்டு மாடு பூட்டின மாதிரி எண்டு வைங்க. தடிச்சது ரேடியஸ், மெல்லியது அல்னா. ரெண்டும் ஒரே வேகத்துல நடந்தாத்தான் வண்டி நேராப் போகும். அல்னாட நீளத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம் மணிக்கட்டுப் பக்கம் இருக்கிற ஒரே ஒரு தட்டாலதான் வருது, அந்தத் தட்டு வேற இடங்கள்ல மாதிரி தட்டையா இல்லாம நாய்க்கு புனல் மாதிரி கூம்பா இருக்கு. தட்டையா இருந்தா பக்கவாட்டில அடிபடக்க வழுக்கி விலகும், கலங்கள் தப்பும். கூம்புக்கு வழுக்க இடமில்ல, எந்தப் பக்கத்தால அடிச்சாலும் கூம்பு குழிக்குள்ள நசியும். நசிஞ்ச கலம் செத்துப் போகும், வெளியால ஒரு வெடிப்பும் தெரியாது. கனடாவில சால்டர், ஹரிஸ் எண்ட ரெண்டு டொக்டர்மார் 1963ல பிள்ளைகள்ட தட்டு முறிவுகள அஞ்சு வகையாப் பிரிச்சாங்க, இன்னும் உலகம் முழுக்க மனுசருக்கும் மிருகத்துக்கும் அதத்தான் பாவிக்கிறம், உங்கட குட்டிட இந்த நசிவு அதில அஞ்சாவது, ஆகக் கெட்டது.

இப்ப அல்னா மாடு படுத்துட்டு, ரேடியஸ் மாடு இழுக்குது. வண்டி என்ன செய்யும்? வளையும். ரேடியஸ் நீளப் பாக்குது, அல்னா வில்லுக்குக் கட்டின நாண் மாதிரி இழுத்துப் பிடிக்குது, அதால ரேடியஸ் முன்னுக்கு வளைஞ்சி பாதம் வெளிப்பக்கம் திரும்புது. இதோட நிண்டா பரவாயில்ல, மேல முழங்கை மூட்டையும் கழட்டப் பாக்கும், அங்கதான் பின்னுக்கு வாத நோவு பிடிக்கிறது. கோணல் கண்ணுக்குத் தெரியுது, முழங்கை தெரியுறதில்ல, அதால அடுத்த எக்ஸ்ரேயில மணிக்கட்டோட முழங்கையையும் சேத்து எடுக்கச் சொல்லுங்க.

அந்த டொக்டர் துண்டு வெட்டச் சொல்றது அந்த நாண அறுக்கத்தான். ஒண்டு, ரெண்டு சென்ரிமீற்றர் அல்னாவ எடுத்தா ரேடியஸ் சுதந்திரமா வளரும். குட்டி எலும்பு பொல்லாதது, வெட்டின இடத்த நாலைஞ்சு கிழமையில திருப்பி மூடிரும், மூடினா மறுபடி நாண்தான். அதால எலும்ப மூடியிருக்கிற தோலையும் அந்த இடத்துல உரிச்செடுத்து, இடைவெளிக்குள்ள நாயிட சொந்தக் கொழுப்புத் துண்டு ஒண்ட வைப்பாங்க. கொழுப்பு இருக்கிற இடத்துல எலும்பு பாலம் போடக் கஷ்டப்படும், அவ்வளவுதான் அதிட வேலை.

உங்கட குட்டிக்கு இப்ப அஞ்சரை மாசம். பெரிய சாதி நாய்க்கு இந்த இடத்துத் தட்டு ஒன்பது பத்து மாசமளவிலதான் மூடும், ஆனா ஆக வேகமா வளர்ற காலம் மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும். சின்னக் கோணலா இருந்து, வளர இன்னும் காலமும் கிடந்தா, நாண் அறுந்த பிறகு கால் தானா நிமிரப் பாக்கும். அந்தக் காலம் போயித்தெண்டா மறுகா ரேடியஸையே வெட்டித் திருப்பி உலோகத் தகடு போட வேண்டி வரும், அது ரெண்டு மடங்கு வேலை. "கொஞ்சம் பாப்பம், தானாச் சரி வரும்" எண்டு சொல்ற ஆக்கள் உங்கட தெருவில கட்டாயம் இருப்பாங்க, அவங்களுக்கு நல்ல தேத்தண்ணி குடுத்து அனுப்பிப் போட்டு நீங்க இந்தக் கிழமையே ஓட்டோ பிடிங்க. இஞ்ச வசதி இல்லையெண்டா செங்கலடிச் சந்தியால திரும்பி மகாஓயா, மகியங்கனை வழியா பேராதனைக்குத்தான், பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை அங்கதான் இருக்கு.

இன்னொண்டு. கால் வளையுது எண்டோடன கல்சியம் குளிசை குடுக்கிறன் எண்டு கடிதத்துட கீழ எழுதியிருக்கிறீங்க, அத இண்டைக்கே நிப்பாட்டுங்க. குட்டிட குடல் கல்சியத்த வேண்டாமெண்டு தள்ளப் பழகல்ல, கூடக் குடுத்தா கூடவே உள்ள போகும். பெரிய சாதிக் குட்டிகளுக்கு அளவு மீறின கல்சியமே தட்டில குருத்தெலும்பு எலும்பா மாறுறதக் குழப்பும், காலே வளையும். வெறும் சோறும் இறைச்சியும் மட்டும் திண்டு வளர்ற குட்டிட கதை வேற, அதுக்கு உண்மையாவே கல்சியம் காணாது. உங்கட குட்டி கடைச் சாப்பாடு திங்கிறதா எழுதியிருக்கிறீங்க, அதுவே போதும்.

எங்கட பூனைக்கு அஞ்சு மாசம், மாடியில இருந்து விழுந்து பின்னங்காலுல தொடை எலும்பு முழங்காலுக்கு மேல ஒட்டினாப்போல பிரிஞ்சி போச்சி. ஒபரேஷன் செஞ்சி ரெண்டு கம்பி குறுக்காப் போட்டிருக்காங்க. டொக்டர் நாலு கிழமையில கம்பியக் கழட்டணும் எண்டுறாங்க, என்ட தம்பி மனிசருக்கு வாழ்நாள் முழுக்க விடுறாங்கதானே எண்டுறான். கம்பி அந்த வளர்ச்சித் தட்டக் குத்திக்கிட்டுத்தான் போகுதாம், அப்ப கால் வளராம நிண்டுருமா? நோவுக்குப் பனடோல் அரைவாசி குடுக்கலாமா?
— வாசகி, காத்தான்குடி

ராத்தா, மத்ததெல்லாம் பிறகு. பனடோல் குடுக்கவே குடுக்காதீங்க, அரையும் இல்ல காலும் இல்ல. பூனைட ஈரல்ல பரசிட்டமோல உடைக்கிற வழி இல்ல, ஒரு குளிசையே கொல்லும். குடுத்துட்டீங்கெண்டா இந்தப் பக்கத்த மூடி வச்சிட்டு டொக்டருக்கு கோல் எடுங்க.

இனி கம்பி. தட்டுக்குள்ளால கம்பி போட்டா வளர்ச்சி நிக்குமா எண்டா, எந்தக் கம்பி, எவ்வளவு தடிப்பு, எந்தக் கோணம், எத்தன நாள் எண்டதுலதான் எல்லாம் இருக்கு. மெல்லிய, வழுவழுப்பான கம்பி தட்டுக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாப் போனா, எலும்பு வளரக்க தட்டு அந்தக் கம்பியில வழுக்கி நகரும், கொடியில வளையம் நகர்ற மாதிரி. மரை வெட்டின கம்பியோ ஸ்குரூவோ தட்டுக்கு ரெண்டு பக்கத்தையும் கடிச்சிப் பிடிச்சா நகர ஏலாது, ரெண்டு பலகைய ஸ்குரூ போட்டு இறுக்கின மாதிரி வளர்ச்சி அதோட சரி. ஒரு பக்கத்துல மட்டும் போட்டா இன்னும் மோசம், ஒரு பக்கம் நிண்டு மறு பக்கம் வளந்து கால் கோணும். துளையிட அளவும் முக்கியம். 1988ல வந்த ஆய்வொண்டுல முயல்ட தொடை எலும்புக் கீழ்த் தட்டில 7 சதவீதப் பரப்பத் துளைச்சதுக்கே எலும்பு நிரந்தரமாக் குட்டையாகித்து, 3 சதவீதம் துளைச்சதுக்கு அப்பிடி ஆகல்ல. பூனைட தட்டு எவ்வளவு சின்னன் எண்டு யோசிச்சிப் பாருங்க, டொக்டர் ஏன் ஊசி மாதிரி மெல்லிய கம்பி தேடி எடுத்திருக்கார் எண்டு விளங்கும்.

இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தால வந்ததில்ல. நான் புதுசா டொக்டரா வந்த காலம், நாலு மாச நாய்க்குட்டி ஒண்டு இதே இடத்துல முறிஞ்சி வந்தித்து. கையில கிடந்தது மரை போட்ட கம்பிதான், நல்லாக் கடிக்கும் பலமா நிக்கும் எண்டு பெருமையா ஏத்தி விட்டன். எலும்பு வடிவா ஒட்டித்து. கம்பியக் கழட்டக் கொண்டு வாங்க எண்டு நானும் அழுத்திச் சொல்லல்ல, அவங்களும் கொண்டு வரல்ல. ஒரு வருஷத்தால பாக்கக்க மத்தக் காலவிட ரெண்டு விரல் குட்டை. பிழை என்னுடையதுதான், வேற ஆருடையதும் இல்ல. ஆனா நாய் அத ஒரு பொருட்டா எடுக்கல்ல, முழங்காலையும் கணுவையும் மடிக்காம நீட்டி வச்சே நடந்து, ஓடி, ஊர்ச் சண்டையெல்லாம் போட்டு பதினொரு வருஷம் இருந்தித்து. நாலு காலுல நடக்கிறதுக்கு அந்த வசதி இருக்கு, தொடை எலும்பு அஞ்சில ஒரு பங்கு குறைஞ்சாக் கூட நாய் சமாளிக்கும் எண்டுதான் சொல்றாங்க. அதுக்காக நாம கவலயீனமா இருக்கலாம் எண்டில்ல.

தம்பிக்குச் சொல்லுங்க, வாழ்நாள் முழுக்க விடுறது வளந்து முடிஞ்ச எலும்புக்கு. உங்கட பூனைட இந்தத் தட்டு ஒரு வயசு தாண்டியும் திறந்துதான் இருக்கும், தொடை நீளத்துல பெரும் பங்கு வாறது இதாலதான். தட்டு முறிவு ஒட்ட நடுத்தண்டு முறிவு மாதிரி மாசக் கணக்கு வேணாம், மூணு நாலு கிழமை போதும். ஒட்டினதப் படத்துல பாத்துட்டுக் கழட்டுறதுதான் சரி. ஒண்டு மட்டும் உள்ளதச் சொல்லணும்: ஒபரேஷன் ஒரு குறையுமில்லாம நடந்தாலும், விழுந்த வேகத்துலயே தட்டில கொஞ்சக் கலங்கள் செத்திருந்தா அந்த இடம் கெதியா மூடலாம். அது கம்பிட குற்றம் இல்ல, மாடிட குற்றம். மாடி விளிம்புக்கு வலை அடிச்சிட்டீங்களா?

உயர்தரத்துல உயிரியல் படிக்கிறன் சேர். எலும்பு நுனியிலதான் வளருது எண்டு எக்ஸ்ரே இல்லாத காலத்துல எப்பிடிக் கண்டுபிடிச்சாங்க? தட்டத் தொடாம, பக்கத்துல ஒபரேஷன் செஞ்சாலும் வளர்ச்சி பாதிக்குமா?
— மாணவன், சம்மாந்துறை

நல்ல கேள்வி மனே. நான் மேல சொன்ன தென்னை ஆணிதான் விடை. இங்கிலாந்துல ஸ்டீபன் ஹேல்ஸ் எண்டு ஒரு பாதிரியார், செடி கொடியில புள்ளி வச்சி வளர்ச்சி அளந்து பாத்துக்கொண்டிருந்த மனிசன், கோழிக்குஞ்சு ஒண்டுட கால் எலும்புல அரை அங்குல இடைவெளியில ரெண்டு துளை போட்டார். ரெண்டு மாசத்தால பாத்தா எலும்பு ஒரு அங்குலம் நீண்டிருக்கு, துளை ரெண்டுக்கும் இடையில அதே அரை அங்குலம்தான். அப்ப நீண்டது எங்கால? நுனியால. 1727ல அவர் எழுதி வெளியிட்டது. பிறகு ஜோன் ஹண்டர் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் பண்டிக்குட்டிட எலும்புல ஈயக் குண்டு வச்சி அதையே காட்டினார். கோழியும் துளைக்கிற ஊசியும் போதும், மிச்சம் பொறுமை.

ரெண்டாவதுக்கு: ஓம், பாதிக்கும், ஆனா எந்தப் பக்கம் எண்டதப் பொறுத்தது. தட்டுக்கு ரெண்டு பக்கத்தாலயும் ரத்தம் வருது. மூட்டுப் பக்கத்தால வாற ரத்தம்தான் பிரியுற கலங்களுக்குச் சாப்பாடு, மூட்டத் திறக்கக்க டொக்டர் அந்தக் குழாய்கள அறுத்துட்டா கலங்கள் செத்து தட்டு மூடிரும். தண்டுப் பக்கத்து ரத்தம் அறுந்தா அவ்வளவு மோசமில்ல, குருத்தெலும்பு எலும்பா மாறுறது கொஞ்சநாள் தாமதமாகி தட்டு தடிக்கும், ரத்தம் திரும்பி வந்தோடன சரியாகும். தட்டச் சுத்தி விளிம்புல ஒரு வளையம் இருக்கு, அதச் சுரண்டினா அந்த ஓரத்துல எலும்புப் பாலம் விழும், தட்டுட மத்தப் பக்கம் வளர கால் கோணும். அப்பிடி விழுந்த சின்னப் பாலத்தத் தோண்டி எடுத்து அந்தக் குழிக்குள்ளயும் கொழுப்புத்தான் வைக்கிறது, கல்லடிக் குட்டிக்குச் சொன்ன அதே கைவைத்தியம். பிறகு அழுத்தம். தட்டில சுமை கூடினா வளர்ச்சி மெதுவாகும், குறைஞ்சா வேகமாகும், ஹியூட்டர் வோக்மன் விதி எண்டு படிப்பீங்க, பரீட்சைக்கு வருதோ இல்லையோ நாய்க்குட்டிட காலுக்கு வரும்.

ஊசி போடுற முகாமுல எங்கட பெட்டை நாய்க்குட்டிக்கு அஞ்சு மாசத்துலயே கருத்தடை ஒபரேஷன் செய்றாங்களாம். செஞ்சா வளராம கட்டையா நிண்டுரும் எண்டு பக்கத்து வீட்டாக்கள் சொல்றாங்க, உண்மையா?
— வாசகர், களுவாஞ்சிக்குடி

தலைகீழ். வளர்ச்சித் தட்ட மூடுற கட்டளையே சூலகம், விதைப் பக்கத்தால வாற ஹோமோன்தான். அத நேரத்தோட எடுத்தா தட்டு கொஞ்சம் பிந்தி மூடும், கால் ஒரு பொட்டு நீளமாத்தான் வரும். லெப்ரடோர், ஷெப்பர்ட் மாதிரி பெரிய சாதிக்கு அதாலயே மூட்டுக் கரைச்சல் கூடலாம் எண்டு ஒரு வயசு தாண்டும் வரைக்கும் பொறுக்கச் சொல்றம். ஊர் நாய்க்கு அந்தப் பயம் தேவையில்ல, வருஷத்துக்கு ரெண்டு தரம் ஏழெட்டுக் குட்டி போட்டு சந்தையடியில விட்டெறியுறத விட முகாம் நல்லது. செய்ங்க.

மகள் கனடாவில. லெப்ரடோர் குட்டி வாங்கியிருக்கா, பதினாலு கிழமை. இடுப்பு மூட்டு தளர்வா இருக்காம், இடுப்பெலும்புல வளர்ச்சித் தட்டச் சுட்டு மூட வைக்கப் போறாங்களாம். நீங்க தட்டக் காப்பாத்தச் சொல்றீங்க, அவங்க சுடச் சொல்றாங்க. காசு பறிக்கிற வேலையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

இல்ல ஐயா, இது புத்திசாலித்தனமான வேலை. இடுப்பெலும்புட கீழ்ப் பக்கம், ரெண்டு அரைவாசியும் நடுவில சந்திக்கிற இடத்துல ஒரு தட்டு இருக்கு. அத மின்சாரச் சூட்டால மூட வச்சா கீழ்ப் பக்கம் அகலிக்கிறது நிக்கும், மேல்ப் பக்கம் தொடர்ந்து வளரும். அப்ப என்ன நடக்கும், தொடை எலும்புட பந்து இருக்கிற கிண்ணம் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா வெளிப்பக்கம் சரிஞ்சி பந்த மூடிக்கொண்டு வரும். கத்தி வைக்கிறது ஒரு சின்ன இடத்துல, மிச்ச வேலைய குட்டியே வளந்து செய்யுது. ஆனா வளர்ச்சி மிச்சமிருந்தாத்தான் இது பலிக்கும், பன்ரெண்டு கிழமையில இருந்து பதினாறு கிழமை வரைக்கும் ஆக நல்லம், இருபது தாண்டினா பிரயோசனம் குறைஞ்சிரும். மகளுக்கு ரெண்டு கிழமை டைம் இருக்கு, யோசிக்கிறத இப்ப யோசிக்கச் சொல்லுங்க. இடுப்புத் தளர்வு பரம்பரையா வாறது, அதால அந்த நாயில குட்டி எடுக்கக்கூடாது, அங்க டொக்டரே கருத்தடையும் சேத்துச் செய்யச் சொல்லுவார்.

வேணுமெண்டே வளர்ச்சிய நிப்பாட்டுறது புதுசு இல்ல. பிள்ளைகளுக்கு ஒரு கால் நீளமா வந்தா நீளக் காலுட தட்ட மூடுற ஒபரேஷன 1933லேயே பெமிஸ்டர் எண்ட டொக்டர் எழுதிட்டார், 1949ல பிளவுண்ட் எண்டவர் தட்டுக்குக் குறுக்கால ஸ்டேபிள் அடிச்சி முட்டிக்கால் நிமித்தினார். குதிரைக்குட்டிக்கும் அப்பிடித்தான், கோணலுட வெளிவளைவுப் பக்கத்துல ஸ்குரூ போட்டுப் பிடிச்சா மறு பக்கம் வளந்து எட்டிப் பிடிக்கும், நேரானோடன ஸ்குரூவக் கழட்டிரணும். கழட்ட ஒரு மாசம் பிந்தினா மறு பக்கம் கோணும்.

பட்டியில கிடாரி ஒண்டு முதல் ஈத்து, கன்டு வர மாட்டன் எண்டித்து, முன்னங்காலுல கயிறு போட்டு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினால இழுத்தம். கன்டு உயிரோட கிடக்கு, ஆனா ஒரு முன்னங்கால் குளம்புக் கணுவுக்கு மேல ஒடிஞ்சி ஆடுது. மூணு நாள். பரிகாரி மூங்கில் பத்தை வச்சிக் கட்டியிருக்கார். ஒபரேஷன் செஞ்சாத்தான் கால் வளருமா? அறுத்துப் போடவா?
— பட்டிக்காரர், கரடியனாறு

அறுக்க வேணாம். ஒபரேஷனும் வேணாம். இந்தக் கேள்விக்கு இவ்வளவு நல்ல விடை சொல்லக் கிடைக்கிறது குறைவு.

இழுத்து எடுத்த கன்டு ஒடியிறது அனேகமா இந்த இடந்தான், கயிறு வெட்டுற இடமும் வளர்ச்சித் தட்டும் ஒண்டா வந்து நிக்குது. கணுவுக்கு மேல இருக்கிற அந்தக் குழாய் எலும்புக்கு மாட்டில ஒரே ஒரு தட்டுத்தான், கீழ் நுனியில. மேல் நுனி பிறக்கக்கயே மூடித்து. அதால கீழ்த் தட்டு கெட்டா அந்த எலும்பு வளர வேற வழி இல்ல எண்டு பயப்படலாம்தான், ஆனா ரெண்டு விஷயம் உங்கட பக்கம் நிக்குது. கன்டு பிறக்கக்க அந்த எலும்பு ஏற்கனவே நல்ல நீளம், ஆட்டுக்குட்டி கன்டெல்லாம் பிறந்த அண்டைக்கே எழும்பி ஓடுறதுக்காக காலத்தான் முதல்ல வளத்துக்கொண்டு வருது. மத்தது, இழுவையில தட்டு பிளந்து விலகுமே தவிர நாய்க்குட்டிட சில்லு மாதிரி நசியுறது குறைவு. அந்தத் தட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் திறந்து கிடக்கும், சின்னக் கோணல நிமித்த அவ்வளவு காலமும் இருக்கு.

தோல் பிஞ்சி எலும்பு வெளியால தெரியுதா, குளம்பு சில்லிட்டுக் கிடக்குதா? இந்த ரெண்டும் இல்லையெண்டா பிளாஸ்டர் போட்டாப் போதும், குளம்பையும் உள்ள வச்சி முழங்காலுக்குக் கீழ வரைக்கும். பரிகாரிட கையக் குறை சொல்ல மாட்டன், எலும்பத் தடவி இருத்துறதுல எங்களவிடக் கெட்டிக்காரர் இருக்காங்க. ஆனா மூங்கில் பத்தை தட்டுக்கு நேர விளிம்பு முட்டுற மாதிரி நிண்டா அங்க தோல் அழுகும், பிறகு கிருமி தட்டுக்குள்ள இறங்கும், இறங்கினா உண்மையாவே வளர்ச்சி நிண்டுரும். நோவெண்ணெய் ஊத்தி நனைச்ச சீலை இறுகக் காயும் எண்டதும் ஞாபகம் இருக்கட்டும். இண்டைக்கே அத அவிழ்த்துப் பாருங்க, குளம்புக்கு மேல வீங்கியிருந்தா இறுக்கம் கூட எண்டு அர்த்தம்.

பிளாஸ்டர் போட்டாலும் மறந்துபோய் விடேலாது. கன்டு நாளுக்கு நாள் பெருக்குது, பிளாஸ்டர் பெருக்காது. ரெண்டு மூணு கிழமையில கழட்டிப் பாத்து தேவையெண்டா புதுசு, மொத்தமா நாலு கிழமைக்குள்ள அனேகமா ஒட்டிரும். அதுவரைக்கும் பட்டியோட விடாம வீட்டோட கொட்டில்ல, வைக்கோல் போட்டு.

கால விடப் பெரிய விஷயம் ஒண்டு இருக்கு, கடும்புப் பால் குடிச்சதா? ஒடிஞ்ச காலோட எழும்ப ஏலாம முதல் நாள் பால் குடிக்காத கன்டு கால் ஒட்ட முதல் வயித்தோட்டத்துல போயிரும். முதல் ஆறு மணித்தியாலத்துல குடிச்சிருக்கணும். பரிகாரியும் நானும் காலப் பாத்துக்கொண்டு நிக்கக்க கன்டு அங்கால சாகிறது எத்தன தரம் நடந்திருக்கு.

அடுத்த ஈத்துக்குச் சொல்லி வைக்கிறன், லேண்ட்மாஸ்டர் வயலுக்கு. ரெண்டு பேர் கை இழுவைக்கு வராத கன்டுக்கு டொக்டர்தான் வரணும். கயிற கணுவுக்கு மேல ஒரு சுருக்கு, கணுவுக்குக் கீழ இன்னொரு மடிப்பு எண்டு போட்டா பாரம் ரெண்டு இடத்துல பிரியும், ஒரே வெட்டா தட்டுல விழாது. பசு முக்கக்க மட்டும் இழுக்கணும், ரெண்டு காலையும் ஒண்டா இல்லாம மாறி மாறி.

மாரி பிடிச்சா உங்கட பக்கம் ரோட்டுத் தண்ணிக்குள்ள போயிரும், அதுக்கு முதல் கன்ட ஒரு உழவு மெஷினுல ஏத்தியாவது கொண்டு வந்து காட்டுங்க, தாயையும் விட்டுட்டு வராதீங்க, பால் வத்திரும்.